கேம் வீடியோவை முதலில் காதால் பாருங்கள்

எங்கள் பிளாட் வெள்ளவத்தையில், கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயில் வரும்போது மகன் போனின் சத்தத்தைக் கூட்டுவான். போன பிறகு குறைக்க மறந்துவிடுவான். அப்படி ஒரு பின்னேரம், நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஹோலில் இருந்து ஒரு தூஷணம் காதில் விழுந்தது. சந்தியில் சண்டை பிடிப்பவர்கள்கூட யோசித்துத்தான் சொல்வார்கள், அப்படி ஒன்று. கையைக் கழுவாமல் ஓடிப்போய்ப் பார்த்தால், திரையில் சதுரம் சதுரமாகப் பச்சைப் புல், ஒரு பன்றி, பாதி கட்டிய மரவீடு. மைன்கிராஃப்ட் என்கிற கேம்.

"இதில என்னம்மா? எங்கட வகுப்பில எல்லாரும் பார்க்கினம்" என்றான். ஒன்பது வயது, தரம் நான்கு. அவன் சொன்னது பொய்யில்லை. மைன்கிராஃப்டை நானே வயதுக் குறியீடு பார்த்து அனுமதித்திருந்தேன். நான் பார்க்காமல் விட்டது, அதை விளையாடிக்கொண்டே கதைத்து யூடியூப்பில் வீடியோ போடுகிற ஆளைத்தான்.

அதன் பிறகு ஒரு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு முறை உருவாகியிருக்கிறது. கேம் என்றாலே என்னவென்று தெரியாத அம்மா அப்பாமாருக்கும் அது சரிவரும். எனக்கும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது.

கேம் வேறு, கேம் வீடியோ வேறு

கேம்களுக்கு வயதுக் குறியீடு கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1994 முதல் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவில் 2003 முதல் பெகி. பெகியின் எண்கள் 3, 7, 12, 16, 18. மைன்கிராஃப்டுக்கு 7, ஜிடிஏ 5க்கு 18. கூகுள் பிளேயில் ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தாலும் அதே மாதிரி ஒரு வயது எண் தெரியும், அதைத் தொட்டால் காரணமும் வரும். வீடியோ பார்க்க முன் கேமின் பெயரைத் தேடி இந்த எண்ணைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, பார்த்துவிடுங்கள். 18 என்று இருந்தால் அதற்கு மேல் மினக்கெட வேண்டாம்.

எண் சின்னதாக இருந்தால் நிம்மதி அடையவும் வேண்டாம். அது கேமுக்குக் கொடுத்த எண். அதை விளையாடுகிறவர் எப்படிக் கதைக்கிறார், என்ன விற்கிறார், யாரை நக்கலடிக்கிறார் என்பதற்கு யாரும் எண் போடுவதில்லை.

ரொப்லொக்ஸில் சிக்கல் இன்னும் ஒரு படி கூட. அது ஒரு கேமே இல்லை. ஆட்களே செய்து போட்ட எண்ணற்ற கேம்கள் உள்ளே இருக்கிற ஒரு பெரிய சந்தை. ஒன்றில் பீட்சாக் கடை நடத்துவார்கள், இன்னொன்றில் இருட்டு ஆஸ்பத்திரிக்குள் பேய் துரத்தும். "ரொப்லொக்ஸ் வீடியோதான் பார்க்கிறேன்" என்று பிள்ளை சொன்னால், புறக்கோட்டைக்குப் போய்வந்தேன் என்று சொல்வது மாதிரி. எந்தக் கடைக்குப் போனாய் என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தியாவில் தடைசெய்த கேம் என்பதால் ஃப்ரீ ஃபயர் கூடாது என்று சிலர் சொல்வார்கள். 2022 பெப்ரவரியில் அங்கே வந்த அந்தத் தடைக்கு நாட்டின் பாதுகாப்பும் பயனர் தரவும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. பிள்ளைகளுக்கு ஏற்றதா என்ற கேள்வி அதில் இல்லை. தடையை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

முதலில் ஒரு பட்டியல்

யூடியூப்பில் பார்த்தவற்றின் வரலாறு இருக்கும். கடந்த ஒரு கிழமையைத் திறந்து, திரும்பத் திரும்ப வருகிற சனல்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஐந்தாறு பெயர்தான் வரும். பிள்ளைகள் நூறு பேரைப் பார்ப்பதில்லை, ஒரே ஆளைத்தான் நூறு தரம் பார்க்கிறார்கள். ஷோர்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களும் அதே வரலாற்றில் இருக்கும், அதையும் விடாதீர்கள்.

இதைப் பிள்ளை தூங்கிய பிறகு ஒளித்துச் செய்யவேண்டாம். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். அடுத்த நாள் வரலாறு சுத்தமாக அழிந்திருந்தது. தரம் நான்குப் பிள்ளைக்கு அதை அழிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இப்போது பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, "இவர் ஆர்? இவற்ற எது நல்லது?" என்று கேட்டு எழுதுகிறேன். பெருமையாகச் சொல்கிறான்.

போனைக் கவிழ்த்து வையுங்கள்

பட்டியலில் உள்ள ஒரு சனலில் புதிய வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்து, சமைத்துக்கொண்டோ உடுப்பு மடித்துக்கொண்டோ பத்து நிமிடம் கேளுங்கள். ஆரம்பிக்க இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியாது. திரையைப் பார்த்தால் வெடியும் நிறமும் எங்கள் கண்ணை இழுத்துவிடும், கேம் தெரியாதவர்களுக்குத் தலையும் சுற்றும். கண்ணுக்கு வேலை இல்லாவிட்டால் மனிதர் நன்றாகத் தெரிவார்.

நான் முக்கியமாகக் கவனிப்பது அவர் தோற்கும் நேரத்தை. வெல்லும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். தோற்றவுடன் சிரிக்கிறாரா, "அடடா, இடப்பக்கம் போயிருக்கவேணும்" என்று யோசிக்கிறாரா, அல்லது கூட விளையாடியவரின் தாயைப் பற்றிக் கதைக்கிறாரா? பிள்ளை அந்தப் பத்து விநாடியைத்தான் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோகும். பெண் குரல் ஒன்று விளையாட்டுக்குள் வந்தால் பேச்சு எப்படி மாறுகிறது என்பதையும் கேளுங்கள். இன்னொரு நாட்டுக்காரரோ வேறு மொழிக்காரரோ வந்தால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும்.

தமிழில் வருகிற கேம் வீடியோக்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அதனால் எங்கள் பிள்ளைகள் "செம", "வேற லெவல்", "நண்பா" என்று கதைக்கத் தொடங்குவார்கள். அப்பம்மாமாருக்கு இது பிடிக்காது. ஆனால் இதை ஒரு குற்றமாக எழுதிவைக்காதீர்கள். நாங்களும் சின்ன வயதில் படம் பார்த்துவிட்டு வசனம் பேசித் திரிந்தவர்கள்தானே. வட்டார வழக்கையும் வாய்க்கொழுப்பையும் ஒன்றாகப் போட்டு ஏசினால், பிள்ளை இரண்டையும் எங்களுக்கு முன்னால் மறைக்கும்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு தலையிடி உண்டு. பிள்ளை மூன்று மொழியிலும் பார்க்கும். எங்களுக்கு எல்லாம் பிடிபடாது. ஆங்கில வீடியோ என்றால் வழி இருக்கிறது. விபரப் பகுதியை விரித்தால் பேச்சு முழுவதும் எழுத்தாக வருகிற டிரான்ஸ்கிரிப்ட் கிடைக்கும். யூடியூப் தானாக எழுதுகிற வசனங்களில் தூஷணம் வரும் இடத்தில் பெரும்பாலும் சதுர அடைப்புக்குள் ஒரு வெறுங்கோடு மட்டும் இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தக் கோடுகளை எண்ணலாம். இருபது நிமிட வீடியோவில் ஒன்றிரண்டு என்றால் நான் மன்னித்துவிடுவேன், திரைக்குத் திரை வந்தால் இல்லை. வசனங்களைத் தமிழுக்குத் தானாக மாற்றும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு. மொழிபெயர்ப்பு சிரிப்பாக இருந்தாலும் விஷயம் விளங்கும்.

சிங்கள வீடியோ ஒன்றுக்கு நான் எதிர் வீட்டு அன்ரியிடம் போனேன். போனைக் காதில் வைத்து இரண்டு நிமிடம் கேட்டார். முதலில் சிரித்தார், பிறகு புருவம் சுருங்கியது, பிறகு போனை என் கையில் வைத்து, "இது வேணாம் மகள்" என்றார். அவ்வளவுதான். மொழி தெரிந்த அயலவர் ஒருவர் இருந்தால் இந்த வேலைக்கு வேறு எதுவும் தேவையில்லை.

பிறகு கண்

காதால் தேறியவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள். முழுவதும் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? வேகத்தை ஒன்றரை மடங்காக வையுங்கள். முதல் இரண்டு நிமிடத்தை விடுங்கள், அது எல்லோரையும் வரவேற்று மணி அடிக்கச் சொல்கிற நேரம். நிறையப் பேர் பார்த்த வீடியோ என்றால், கீழே ஓடுகிற கோட்டில் விரலை வைத்தால் மலை மாதிரி ஒரு வரைபடம் எழும். ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் அதன் உச்சி. நேரே அங்கே போங்கள். வீடியோவுக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது அந்த இடத்தில் தெரியும். சுரங்கம் தோண்டி வைரம் எடுக்கும் இடமாகவும் இருக்கலாம், ஒருவரின் தலை சிதறும் இடமாகவும் இருக்கலாம்.

சுடுகிற கேம் எல்லாம் ஒரே மாதிரியில்லை. ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியாக மிஞ்சுகிறவர் வெல்வார். அடிபட்டவர் விழுவார், ஆட்டம் தொடரும். அதைவிட மோசமான கேம்கள் உண்டு, அவற்றில் காயத்தையும் வலியையும் கிட்டக் காட்டுவார்கள். எனக்கு இரத்தத்தின் நிறத்தைவிட ஒன்று முக்கியம்: விழுந்தவரை வதைத்து ரசிக்கிறார்களா? அது இருந்தால் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவேன்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை பொம்மை உருவத்தில் வருகிற பேய்க் கேம்கள். 2014இல் வந்த ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ், 2021இல் வந்த பொப்பி பிளேடைம் இரண்டும் பயமுறுத்துவதற்கென்றே செய்தவை. ஆனால் படத்தில் கரடியும் முயலும், நீல நிறத்தில் கட்டிப்பிடிக்கிற பொம்மையும்தான் தெரியும். அந்த நீலப் பொம்மையை நடைபாதைக் கடையில் வாங்கிக்கொடுத்தவள் நான்தான், ஆறு வயது மகளுக்கு. அதன் பல்லைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அண்ணனோடு சேர்ந்து அதன் வீடியோ ஒன்றைப் பார்த்த பிறகு மூன்று கிழமை தனியாகப் பாத்ரூம் போக மாட்டேன் என்று நின்றாள். பொம்மை இப்போது அலுமாரிக்கு மேலே, முகம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. அவள்தான் அப்படி வைக்கச் சொன்னாள்.

காசு எங்கிருந்து வருகிறது?

இதில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், ஏனென்றால் தூஷணத்தைவிட இதுதான் எங்களுக்குச் செலவு வைத்தது.

வீடியோ எட்டு நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால் நடுவிலும் விளம்பரம் போடலாம். இரண்டு நிமிட விஷயத்தை இழு இழு என்று இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அது பரவாயில்லை, ரேடியோவிலும் விளம்பரம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். பொருளோ காசோ வாங்கிக்கொண்டு செய்த வீடியோ என்றால், ஆரம்பத்தில் பணம் பெற்ற விளம்பரம் இருப்பதாக ஒரு சின்ன வரி திரையில் வரவேண்டும். அந்த வரி எது என்று பிள்ளைக்கு ஒருதரம் காட்டிவிடுங்கள். பிறகு அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள், அது ஒரு விளையாட்டு மாதிரி.

விளையாட்டுக்குள் இருக்கும் காசுதான் அடுத்தது. ஃப்ரீ ஃபயரில் டயமண்ட், ரொப்லொக்ஸில் ரோபக்ஸ். இரண்டையும் உண்மையான காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும், அவற்றால் உடுப்பும் துப்பாக்கியின் நிறமும் வாங்கலாம். சில சனல்களில் முழு வீடியோவும் பெட்டி திறப்பதுதான். ஆயிரக்கணக்கில் டயமண்டைக் கொட்டி, பெட்டியைத் திறந்து, ஒன்றும் விழாவிட்டால் கத்தி, மறுபடி கொட்டுவார். அதைப் பார்க்கும்போது எனக்குக் கேம் ஞாபகம் வரவில்லை, சூது ஞாபகம்தான் வந்தது. அப்படியான சனலுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை.

அதற்கு அடுத்த படி, உண்மையிலேயே சூது. கேம் விளையாடிக்கொண்டே, "கீழே லிங்க் இருக்கு, நிறத்தைச் சரியாச் சொன்னா காசு" என்று சிலர் சொல்வார்கள். காசு கட்டி ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து இந்தியா 2025 ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்தது, அவற்றை விளம்பரப்படுத்துவதும் அதில் குற்றம். ஆனால் பழைய வீடியோக்களை எல்லாம் யாரும் தேடித் தேடி அழித்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

எங்களுக்கு நடந்தது இலவச டயமண்ட் கதை. ஒரு வீடியோவின் கீழே இருந்த லிங்கைத் தொட்டு, வந்த பக்கத்தில் மகன் என் ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் போட்டுவிட்டான். டயமண்ட் வரவில்லை. இரவு பதினொன்றரைக்கு வேறு எங்கிருந்தோ யாரோ என் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. நல்ல காலம், கடவுச்சொல் தெரிந்தாலும் உள்ளே விடாத இரண்டாவது சரிபார்ப்பு வைத்திருந்தேன், கடவுச்சொல்லை மாற்றியதோடு போயிற்று. பிள்ளை அழுதான். நான் ஏசவில்லை, ஏசியிருந்தால் அடுத்த தரம் சொல்லமாட்டான். ஆகவே ஒரு சனலைப் பார்க்கும்போது வீடியோவோடு நின்றுவிடாமல் கீழே உள்ள விபரத்தையும் விரித்துப் படியுங்கள். இலவச டயமண்ட், ஹெக் (கேமில் ஏமாற்றி வெல்லும் குறுக்குவழி), பிளே ஸ்டோரில் இல்லாத அப்பை இறக்கச் சொல்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சனல் வேண்டாம்.

கொமென்ட் இருக்கிறதா?

சிறுவர்களின் தகவலைச் சேகரித்ததற்காக 2019இல் அமெரிக்காவில் கூகுளும் யூடியூப்பும் 170 மில்லியன் டொலர் கட்ட ஒத்துக்கொண்டன. அதைத் தொடர்ந்து 2020 ஜனவரியிலிருந்து, பிள்ளைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் கொமென்ட் எழுதமுடியாது. இதை வைத்து ஒரு குறுக்குவழி செய்யலாம். "இது சின்னப் பிள்ளைகளுக்கான சனல்" என்று யாராவது சொன்னால், கீழே கொமென்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால், அந்த வீடியோ பிள்ளைகளுக்கானது என்று குறிக்கப்படவில்லை. அதற்காகக் கெட்டது என்றும் இல்லை; பெரியவர்களும் இருக்கிற இடம், அவ்வளவுதான்.

அந்தக் கொமென்ட்களைப் புதியவை முதலில் வரும்படி மாற்றி ஒரு இருபதை வாசியுங்கள். யார் யார் அங்கே கூடுகிறார்கள் என்று விளங்கும். வாட்ஸ்அப் குழு, டெலிகிராம், டிஸ்கோர்ட் (கேம் விளையாடுகிறவர்கள் கூடிக் கதைக்கிற அப்) லிங்க் இருந்தால் அங்கே பிள்ளை சேரக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டிஸ்கோர்டுக்குக் குறைந்த வயது 13, சாதாரண யூடியூப் கணக்குக்கும் பொதுவாக அதுதான். யாராவது தனியாகப் படம் கேட்டால், பயமுறுத்தினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. அந்த இலக்கத்தை எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்.

செட்டிங்ஸ்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் செட்டிங்ஸை மட்டும் நம்பியவர்களின் வீட்டில்தான் நான் அதிகம் கூத்துப் பார்த்திருக்கிறேன்.

சின்னவர்களுக்கு யூடியூப் கிட்ஸில் நீங்கள் தெரிவு செய்தவை மட்டும் வருகிற மாதிரி வைக்கலாம். ஒன்பது வயதுக்கு மேல் என்றால் பெற்றோர் கண்காணிக்கிற கணக்கு. அதில் ஒன்பதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல் என்று படிகள் இருக்கின்றன. சாதாரண யூடியூப்பிலும் பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டுகிற ரெஸ்ட்ரிக்டட் மோட் உண்டு, அது கொமென்ட்களையும் மறைக்கும். ஆனால் போனில் போட்டால் டிவியில் வராது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போடவேண்டும். ஒரு சனல் வேண்டாம் என்றால் அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்கிற தெரிவைத் தொடுங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள்.

அப்புறம், அப்பம்மாவின் போன். எல்லா வீட்டிலும் ஓட்டை அங்கேதான்.

தீர்ப்பு

கொப்பியில் ஒவ்வொரு சனலுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுவேன்: தனியாகப் பார்க்கலாம், ஹோலில் சத்தம் கேட்கப் பார்க்கலாம், வேண்டாம். நடுவில் இருப்பதுதான் அதிகம். ஹெட்போன் போட்டு அறைக்குள் பார்க்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள்.

எழுத முன்னால் ஒரு விஷயம், வீடியோ முடிந்த பிறகு பிள்ளையை ஒரு பத்து நிமிடம் கவனியுங்கள். மைன்கிராஃப்டில் பாலம் கட்டுவதைப் பார்த்துவிட்டு லேகோவைக் கொட்டிக் கட்ட இருந்தால் எனக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. போனை வாங்கினால் தங்கச்சியைத் தள்ளிவிடுகிறான், சாப்பாட்டு மேசையில் அதே கத்தல் வருகிறது என்றால், வீடியோவில் ஒரு தூஷணமும் இல்லாவிட்டாலும் நடுவரிசைக்கு இறக்கிவிடுவேன்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அந்த மைன்கிராஃப்ட் ஆளின் வீடியோவை நான் மகனுடன் சேர்ந்து மறுபடி போட்டேன், போனைக் கவிழ்த்து வைத்து. கேம் தெரியாமல் குரல் மட்டும். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இவர் எந்த நேரமும் கோவமா இருக்கிறார், என்னம்மா?" என்றான். அவன் இதற்கு முன் கேட்கவேயில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அதே கேமை ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்கிற இன்னொரு சனலை அவனே தேடி எடுத்தான். வேண்டாம் என்று வெட்டும்போது பதிலுக்கு ஒன்று கையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பான்.

கொப்பி நிரந்தரமில்லை. சனல்கள் மாறும், போன வருடம் வீடு கட்டியவர் இந்த வருடம் பெட்டி திறப்பார். ஒவ்வொரு தவணை விடுமுறையின் முதல் திங்களும் நாங்கள் இருவரும் கொப்பியோடு இருப்போம். போன தரம் அவன் நடுவரிசையில் இருந்த ஒரு பெயரைத் தானே வெட்டிவிட்டு, பக்கத்தில் "அலுப்பு" என்று எழுதிவைத்தான்.